எழுந்து நிற்கும் பலம்: வயதான பெண்களின் தசையும் எலும்பு முறிவும்

கீழே விழுந்த பெண்ணுக்கு எந்த எலும்பு முறிந்தது என்று தெரிந்தால் அவர் வயதை ஓரளவு ஊகித்துவிடலாம். ஐம்பதுகளில் இருப்பவர் விழும்போது சட்டென்று கையை ஊன்றிவிடுகிறார், மணிக்கட்டு முறிகிறது. எழுபதைத் தாண்டியவருக்குக் கை அவ்வளவு வேகமாக முன்னால் வருவதில்லை. உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து, தொடை எலும்பின் மேல்முனை நேராகத் தரையில் மோதுகிறது. இடுப்பு எலும்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான்.

இந்த இரண்டு பெண்களுக்குமே எலும்பு மெலிந்திருக்கலாம். ஆனால் தடுமாறிய காலை இன்னோர் அடி முன்னால் வைத்துச் சமாளிப்பதும், விழுகிற நொடியில் கையை ஊன்றுவதும் தசையின் வேலை. அந்த வேலையைத் தசை செய்யாமல் போகும் வயதில்தான் ஆபத்தான முறிவுகள் வருகின்றன. இடுப்பு எலும்பு முறிவுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கீழே விழுவதால் நேர்பவை. பாதிக்கப்படுவோரில் நான்கில் மூன்று பேர் பெண்கள். முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாடுகளின் கணக்குகள் சொல்கின்றன. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை.

எலும்பைக் காப்பாற்ற நினைக்கும் பெண் தன் தொடையையும் இடுப்பையும் முதுகையும் பலப்படுத்தியாக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம். கால்சியம் மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. "இந்த வயசுக்கு மேல என்ன உடம்பு தேறப் போகுது" என்பது உண்மையும் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஸ்கேன் காட்டாத பாதி

எலும்பு அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவு இது. 65 வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களும், அதற்கு முன்பே மாதவிடாய் நின்று வேறு காரணங்களும் உள்ளவர்களும், இந்த ஸ்கேனை ஒருமுறையாவது எடுத்துக்கொள்வது நல்லது. முழங்கால் வலிக்கும் எலும்பு மெலிவுக்கும் சம்பந்தமில்லை. முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தால் வருவது. எலும்பு மெலிவது வலிக்காது. முறியும்வரை அது இருப்பதே தெரியாது.

ஆனால் ஸ்கேன் நன்றாக வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற ஏறத்தாழ 1,50,000 பெண்களின் விரல், மணிக்கட்டு, குதிகால் ஆகிய இடங்களில் எலும்பு அடர்த்தியை அளந்து ஓராண்டு கவனித்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வின்படி, எலும்பு முறிந்த பெண்களில் 82 சதவீதம் பேருடைய டி-ஸ்கோர் மைனஸ் 2.5ஐத் தொடவே இல்லை. அடர்த்தி மிகக் குறைந்த பெண்ணுக்குத் தனிப்பட்ட முறையில் ஆபத்து அதிகம்தான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு. கொஞ்சம் மெலிந்த எலும்போடு இருப்பவர்கள் ஏராளம். மொத்த முறிவுகளில் பெரும்பங்கு அவர்களிடமிருந்து வருகிறது.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது 1995இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 9,516 வெள்ளையினப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, யாருக்கு இடுப்பு எலும்பு முறிகிறது என்று பார்த்தார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாத பெண்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. நாளில் நான்கு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டும் காலில் நின்றவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இந்தச் சோதனைக்கு இயந்திரம் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், பைசா செலவில்லை. ஒரு நாற்காலி போதும். இருந்தும் நம் மருத்துவமனைகளில் வயதான பெண்ணை எழுந்திருக்கச் சொல்லிப் பார்ப்பது அபூர்வம். இது மாற வேண்டும்.

தசை எலும்புக்கு என்ன செய்கிறது

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பு கரைவதும் புதிய எலும்பு உருவாவதும் வாழ்நாள் முழுக்க நடக்கிறது. எலும்பின் மேல் விழும் இழுவிசையை அதனுள் இருக்கும் செல்கள் உணர்கின்றன. எங்கே இழுப்பு அதிகமோ அங்கே எலும்பு கெட்டியாகிறது. இழுப்பு இல்லாத இடத்தில் கரைகிறது. இழுப்பது பெரும்பாலும் தசை. விண்வெளிக்குப் போகும் வீரர்கள் மிகுந்த உடல்தகுதி உள்ளவர்கள். எடையில்லாத அந்த நிலையில் அவர்களுக்கே இடுப்பு எலும்பின் கனிமம் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை குறைகிறது.

பெண்ணுக்கு இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பு கரையும் வேகம் கூடி, அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம்வரை போய்விடக்கூடும். தசை முப்பது வயதுக்குப் பிறகே ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 சதவீதம் என்று கரையத் தொடங்கிவிடுகிறது. அறுபதுக்கு மேல் வேகம் இன்னும் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் பலம் விரைவாகக் குறைகிறது. முதலில் மெலிவது சட்டென்று இயங்கும் வகைத் தசைநார்கள். பத்து நிமிடம் மெல்ல நடக்க அவை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஈரத் தரையில் கால் வழுக்கிய நொடியில் தேவைப்படுபவை அவைதான். நின்ற உயரத்திலிருந்து தரையைத் தொட ஒரு நொடிகூட ஆவதில்லை.

படுத்திருப்பது தசையை எவ்வளவு சீக்கிரம் தின்கிறது என்பதைக் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோனது. காய்ச்சலுக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த அம்மா, காய்ச்சல் விட்ட பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்குக் காரணம் இதுதான். அது தானாகச் சரியாகும் என்று விட்டுவிடக் கூடாது. அடுத்த விழுதலுக்கான நாட்கள் அவை.

தேறுமா என்ற கேள்விக்குப் பதில் 1990இலேயே வந்துவிட்டது. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி வயது 90 கொண்ட, தள்ளாடி நடந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்குக் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தசை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில் கூடியது அறுபத்தைந்தில் கூடாதா?

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கைப்பிடி இல்லாத, ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். பக்கத்தில் யாராவது நிற்கட்டும். கைகளை மார்பில் குறுக்காக மடித்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க அளவுகோலின்படி 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12, 65 முதல் 69 வரை 11, எழுபதுகளில் 10, 80 முதல் 84 வரை 9. இதற்குக் கீழே போனால் சராசரியைவிடக் குறைவு என்று பொருள். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவு வேறு மாதிரி: ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலவீனம் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்புண்டு. காலில் நீர் கோத்தவர்களுக்கு இந்த அளவு ஏமாற்றிவிடும். பருமனானவர்களும் இதை நம்பி இருக்க வேண்டாம். கொழுப்புக்குள்ளே தசை வற்றியிருப்பது வெளியே தெரியாது. கைப்பிடி பலத்தை அளக்கும் கருவி பிசியோதெரபிஸ்டிடம் இருக்கும். 18 கிலோவுக்குக் கீழே என்றால் பலவீனம்.

அடுத்தது சமநிலை. சமையல் மேடையருகே நின்றுகொண்டு, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி முன்பின்னாக வைத்துப் பத்து நொடி நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் விழும் ஆபத்து அதிகம். இதோடு கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது விழுந்திருந்தால், முறிவு ஏற்படாவிட்டாலும், மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். "சும்மா வழுக்கிருச்சு" என்று பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். சொன்னால் வீட்டில் எழுந்து நடமாட விடமாட்டார்களோ என்ற பயம் அதற்கு ஒரு காரணம்.

வீட்டு வேலையும் நடையும் போதுமா

நடமாட விடமாட்டார்களோ என்ற அந்தப் பயம் நியாயமானது. வயதான அம்மாவை உட்கார வைத்துத் தட்டில் போட்டுக் கொடுப்பதை நம் வீடுகளில் மரியாதையாக நினைக்கிறோம். "நீங்க உட்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று அன்பாகச் சொல்லும் மகளும் மருமகளும் தங்களை அறியாமல் அவர் தொடைத் தசையை வற்ற வைக்கிறார்கள். அம்மா தானே எழுந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கட்டும். பாத்திரம் எடுத்து வைக்கட்டும். மாடிப்படி ஏற முடிந்தவரை ஏறட்டும்.

அதே சமயம், நாளெல்லாம் வீட்டு வேலை செய்கிறேனே, எனக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வீட்டு வேலை உடம்பைக் களைப்பாக்கும். ஆனால் அதில் தசை ஒவ்வொரு நாளும் ஒரே சுமையைத்தான் தூக்குகிறது. தசை வளர வேண்டுமானால் பழகிய சுமையைவிடச் சற்று அதிகம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். இன்றைய சமையலறையில் எல்லாம் இடுப்புயர மேடையில் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்து அரிந்து, ஆட்டுக்கல்லில் ஆட்டி, கிணற்றில் இறைத்த தலைமுறைக்கு இருந்த சுமை இப்போது இல்லை.

நடைப்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் நல்லது. முன்னே சொன்ன 1995 ஆய்விலும் உடற்பயிற்சிக்காக நடந்த பெண்களுக்கு முறிவு குறைவாகவே இருந்தது. ஆனால் நடை மட்டுமே தொடையின் பலத்தையும் சமநிலையையும் போதிய அளவு கூட்டாது. ஏற்கெனவே தள்ளாடுபவரை வேகமாக நடக்கச் சொல்வது விழும் வாய்ப்பையும் கூட்டிவிடலாம். மாலையில் பூங்காவில் நாற்பது நிமிடம் நடக்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், அதில் பதினைந்து நிமிடத்தைத் தசைப் பயிற்சிக்குக் கொடுக்க மாட்டார்களா என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் தசை பலமும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்றே சொல்கிறது.

பயிற்சி

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் உருவான பயிற்சி முறை ஒன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. கணுக்காலில் எடை கட்டிக் காலைத் தூக்குவது, நின்று செய்யும் சமநிலைப் பயிற்சிகள், நடை ஆகியவை சேர்ந்தது அது. வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம், வீட்டிலேயே. 80 வயதைக் கடந்த பெண்களிடம் அதை முதலில் சோதித்தார்கள். விழுவது கணிசமாகக் குறைந்தது. 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சியால் முதியோர் விழுவது 23 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. கீழே சொல்பவை நம் வீட்டுக்கு ஏற்றபடி அமைத்தவை.

எல்லாவற்றுக்கும் மேலானது நாற்காலியிலிருந்து எழுவது. பாதங்களை நாற்காலிக்குச் சற்று உள்ளே இழுத்து வைத்து, மூக்கு முழங்காலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, எழுங்கள். எழும்போது கொஞ்சம் வேகமாக. உட்காரும்போது மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக. பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பயன் போய்விடும். கை ஊன்றாமல் முடியவில்லையா? நாற்காலியில் ஒரு கெட்டித் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பத்து முறை எளிதானதும் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் எளிதானால் ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு இரண்டு கிலோ. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களும் உயரமான இருக்கையில் இதைத் தொடங்கலாம். தொடை பலப்பட்டால் மூட்டு வலியும் பெரும்பாலும் குறையும். மூட்டும் இடுப்பும் நன்றாக இருக்கும் ஐம்பது வயதுப் பெண் தினமும் பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணத்தை எண்ணிக்கை கூட்டிப் போடலாம். அதுவே நல்ல தொடைப் பயிற்சி.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு காலை முழங்கால் மடக்காமல் பக்கவாட்டில் தூக்கி இறக்குங்கள். பக்கவாட்டில் சாயாமல் நம்மை நிறுத்துவது இடுப்பின் வெளிப்புறத் தசை. இடுப்பை முறிக்கும் விழுதல் பக்கவாட்டில் நடப்பது என்பதால் இந்தப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். அதே இடத்தில் நின்று குதிகாலை உயர்த்தி விரல்நுனியில் நின்று இறங்குங்கள். பிறகு குதிகாலில் நின்று முன்பாதத்தை உயர்த்துங்கள். நடக்கும்போது பாதம் தூக்காமல் வாசற்படியில் இடித்துக்கொள்பவர்களுக்கு இந்த இரண்டாவது முக்கியம். கணுக்கால் எடை கடையில் கிடைக்கிறது. துணிப்பையில் அரைக் கிலோ மணலைத் தைத்துக் கட்டிக்கொண்டாலும் அதேதான்.

சுவரில் இரு கைகளையும் ஊன்றி முழங்கையை மடக்கி நீட்டுவது கைக்கும் தோளுக்கும். விழும்போது ஊன்றும் கை இதனால் பலப்படும்.

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, சற்று ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். பேசிக்கொண்டே பன்னிரண்டையும் முடிக்க முடிந்தால் எடை போதவில்லை. மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மறுநாள் தொடை கனப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலியோ நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முதுகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறான பயிற்சி தீங்கு செய்யும். எலும்பு மெலிந்த பெண்ணுக்கு முதுகெலும்பின் கட்டைகள் முன்பக்கமாக நசுங்குகின்றன. கூன் விழுவதும் உயரம் குறைவதும் அதனால்தான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இத்தகைய 59 பெண்களை வைத்துச் செய்து 1984இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய நசுங்கல் ஏற்பட்டது. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதம்தான். ஆகவே எலும்பு மெலிந்திருப்பது தெரிந்த பெண்கள் பாதஹஸ்தாசனம், பஸ்சிமோத்தானாசனம், முன்குனிந்து விரலைத் தொடும் சூரிய நமஸ்காரம் ஆகியவற்றைச் செய்ய வேண்டாம். யோகா ஆசிரியரிடம் ஸ்கேன் முடிவைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். குப்புறப் படுத்து, வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்து, தலையையும் நெஞ்சையும் சில அங்குலம் மட்டும் உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குவது பாதுகாப்பானது. குப்புறப் படுக்க முடியாதவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்துச் சேர்க்கலாம். தரையில் கிடக்கும் பொருளை எடுக்கும்போதும் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள்.

கனமான எடை எலும்பையே கெட்டியாக்குமா? ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தினர் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை எட்டு மாதம் பயிற்றுவித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் கனமான எடை தூக்கியவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு அமர்விலும் பயிற்சியாளர் உடனிருந்தார். நம் ஊர் ஜிம்மில் அறுபது வயதுப் பெண் சேரலாமா என்றால், தாராளமாகச் சேரலாம். பிசியோதெரபிஸ்டின் யோசனையோடும், முதல் சில மாதம் வெறுங்கையில் அசைவைச் சரியாகப் பழகிக்கொண்டும். யூடியூப் பார்த்துத் தனியாக இந்த அளவு எடையைத் தூக்க வேண்டாம்.

சமநிலைக்கு, முன்னே சொன்ன முன்பின் நிலையில் தினமும் நிற்பதே பயிற்சி. குக்கர் விசில் வரும்வரை ஒற்றைக் காலில் நிற்கப் பழகலாம், மேடையில் விரல் தொட்டபடி.

சாப்பாடு

பயிற்சி செய்தும் புரதம் போதாவிட்டால் தசை வளராது. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்பது வல்லுநர்கள் பலர் ஒப்புக்கொண்ட அளவு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 55 முதல் 66 கிராம். நம் வீட்டு வயதான பெண்களின் தட்டைப் பாருங்கள்: காலையில் மூன்று இட்லி, மதியம் குழம்பு சோறு, இரவில் ரசமோ மோரோ ஊற்றிய சாதம், இடையில் காபி. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம், வெள்ளிக்கிழமை விரதம், பல் இல்லாததால் ஒதுக்கும் கறி. மூன்று இட்லியில் 6 கிராம் புரதம்தான் தேறும்.

ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராமுக்குக் குறையாது. ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது பொட்டுக்கடலையில் 6, 7 கிராம். நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு. இவற்றை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். மெல்ல முடியாதவர்கள் பொட்டுக்கடலையைப் பொடித்துக் கஞ்சியில் போடலாம். பருப்பைக் கெட்டியாகக் கடையலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் புரதத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

கால்சியம் நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் எள்ளிலும் முள்ளோடு சாப்பிடும் நெத்திலியிலும் நிறைய. பாலும் தயிரும் கேழ்வரகும் தினமும் சேர்பவர்களுக்கு மாத்திரை குறைவாகவே தேவைப்படும்.

வைட்டமின் டி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டிலும் இதன் பற்றாக்குறை பரவலாக இருக்கிறது. ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் மருத்துவர் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயதும் அதற்கு மேலுமான 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது. சொன்ன காலத்தோடு நிறுத்துங்கள்.

மருந்தும் வீடும்

ஆஸ்டியோபோரோசிஸ் உறுதியானவர்களும், லேசாக விழுந்ததிலேயே ஒருமுறை எலும்பு முறிந்தவர்களும், பயிற்சியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் நல்ல மருந்துகள் உண்டு. வாரம் ஒருமுறை மாத்திரையாகவோ ஆண்டுக்கு ஒருமுறை ஊசியாகவோ. வார மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் வீண்.

மறுபுறம், விழ வைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. தூக்க மாத்திரை முதலாவது. ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரையை அதிகம் இறக்கிவிடும் மாத்திரை ஆகியவையும் தலைசுற்ற வைக்கலாம். நீண்ட நாள் எடுக்கும் ஸ்டீராய்டு எலும்பையும் தசையையும் சேர்த்தே கரைக்கும். சர்க்கரை நோயுள்ள பெண்ணுக்கு ஸ்கேன் காட்டுவதைவிட எலும்பு பலவீனமாக இருக்கும்; பாதத்தில் உணர்ச்சி குறைந்தால் தடுமாறவும் செய்வார். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்புரையை "முத்தட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயதைக் கடந்த பெண்களுக்கு முதல் கண்ணில் புரையைச் சீக்கிரம் அகற்றியபோது அவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

குளியலறையில் கைப்பிடி கம்பியைச் சுவரில் துளையிட்டுப் பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி உடம்பைத் தாங்காது. தரை எப்போதும் உலர்ந்திருக்கட்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். தரையைத் தொடும் நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே வெட்டித் தையுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள்.

விழுந்துவிட்டால்

விழுந்த பெண்ணின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். 108ஐ அழையுங்கள். எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இந்த முறிவுக்கு அது பொருந்தாது. "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா" என்று நாள் கடத்துவதும் ஆபத்து. படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரல் தொற்றையும் படுக்கைப் புண்ணையும் ரத்தக் கட்டியையும் அழைத்து வரும். 48 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தால் நல்லது. மறுநாளே எழுப்பி நிறுத்தச் சொல்வார்கள், பயப்படாமல் ஒத்துழையுங்கள்.

அறுவைக்குப் பிறகு குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு, தையல் பிரித்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பது. ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்பு அதிகம். எலும்புக்கான மருந்தை மருத்துவர் தானாக எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். பிசியோதெரபிக்குத் தனியார் மருத்துவமனை கட்டுப்படி ஆகவில்லை என்றால் அரசு வழிகளைக் கேளுங்கள்: 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. எங்கே செய்தாலும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழும்வரை பயிற்சியை நிறுத்த விடாதீர்கள்.